கடலணையில் முப்பத்திரண்டு கிலோமீட்டர்

குளிர்காலம் முழுக்க அவை ஒரே ரொட்டி.
எது பூட்டர், எது சோக் என்று
காதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்:
நிமிர்ந்தவை இரண்டு, மடிந்தவை இரண்டு.
கிண்ணத்துத் தண்ணீர் உறைந்த காலைகளில்
அவளுடைய மூச்சு அவன் முதுகு மயிரில்
வெள்ளைப் பொடியாய் உட்கார்ந்திருக்கும்.

பிப்ரவரிக் கடைசியில்
மாலை ஆறு மணிக்கும் வெளிச்சம் மிச்சமிருந்த ஒரு நாள்
சோக் அவளைச் சுற்றத் தொடங்கினான்.
தொண்டைக்குள் ஒரு சின்ன மோட்டார்.
மறுநாள் சிமெண்டுத் தரையெங்கும்
கொத்துக் கொத்தாய்ப் பிடுங்கிய மயிர்.
பூட்டரோ வாய் நிறையப் புல்லைக் கவ்விக்கொண்டு
மூலைக்கு மூலை நடந்தாள்,
பிறக்கப் போகாத குட்டிகளுக்கு வீடு கட்ட.

அவனுக்குக் கத்தி வைத்து மூன்று வருடம் ஆகிறது.
'ஆனாலும் பகல் நீண்டால்
உடம்பு கணக்குப் பார்க்கும்' என்றார்
மருத்துவர் ஃபொக்கெமா.
'பிரித்து மட்டும் வைக்காதீர்கள்.
சில நாளில் அந்நியராகிவிடும்.
பிறகு பெயர் சொல்வதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.'

வீட்ஸ்கேயும் நானும் பேசி அப்போது பதினோரு நாள்.
இருவர் பெயரிலும் இருந்த படகை
அவள் விற்றுவிட்டாள்,
என் கையெழுத்தையும் தானே போட்டு.
நான் போடுவதைவிட நன்றாகவே இருந்தது.
ஒரே வீடு. ஒரே குளியலறை.
கெட்டிலில் எப்போதும் ஒரு கோப்பைக்கான தண்ணீர்.

சனிக்கிழமை பூட்டரின் காது கிழிந்திருந்தது.
ரத்தம் அதிகமில்லை. ஆனாலும் ரத்தம்.
அக்கா அட்டைப்பெட்டியை மேசைமேல் வைத்து
'சாவி' என்றாள்.
பதினோரு நாளுக்குப் பிறகு முதல் சொல்.

முயல் வளர்க்கும் ஔக்யே சொன்ன வைத்தியம் அது:
இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு
வண்டியில் குலுக்கு,
பயம் ஒட்டவைக்கும்.

ஹார்லிங்கன் தாண்டிக் கடலணை ஏறினோம்.
காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது.
வலப்பக்கம் உப்புநீர், இடப்பக்கம் நன்னீர்.
இரண்டுக்கும் நடுவே ஒரு சாலையும்
கொஞ்சம் புல்லும் சில ஆடுகளும்.
பின்னிருக்கைப் பெட்டிக்குள்
முதலில் நகங்கள் பிறாண்டின.
பிறகு ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லைக்குத்தான் நான் பயந்தேன்.

மறுகரை பெட்ரோல் நிலையத்தில் மூடியைத் திறந்தேன்.
மறுபடி ரொட்டி.
அவன் மோவாய்க்கு அடியில் அவள் தலை.
கிழிந்த காதை நக்கிக்கொண்டிருந்தான்.
மன்னிப்பு என்று சொல்லமாட்டேன்.
நடுங்கிய ஒன்று பக்கத்துச் சூட்டைத் தேடியது,
அவ்வளவுதான் பார்த்தேன்.

அக்கா இரண்டு காபியோடு வந்தாள்.
என்னுடையதில் சர்க்கரை போட்டிருந்தாள்.
நான் சர்க்கரை விட்டு ஆறு வருடம்.
குடித்தேன்.

ஜூனில் இவை வெவ்வேறு நிழலில்
கால் நீட்டிப் படுக்கும்,
ஒன்றையொன்று தெரியாதவை போல.
இலையுதிரும் நாட்களில் இவையும் உதிர்க்கும்,
பழைய மயிரை ஒன்றுக்கு ஒன்று பிய்த்துவிடும்,
கொட்டில் முழுக்கப் பறக்கும்.
பனி விழுந்ததும் திரும்ப ஒட்டிக்கொள்ளும்.
இதெல்லாம் எனக்குத் தெரியும்,
மூன்று சுற்றுப் பார்த்திருக்கிறேன்.
தெரிந்தும் ஒவ்வொரு மார்ச்சும்
உலகம் முடிந்த மாதிரிதான் வருகிறது.

திரும்பும்போது உப்பு இடப்பக்கம் வந்தது.
பாதி அணையில் நான் 'படகு' என்றேன்.
கத்தினோம்.
வைப்பர் சத்தத்துக்கு மேலே,
ஏழு வயதில் கத்தியது போல,
கையெழுத்து, பணம், அவளுடைய முழங்கால் வலி,
என்னோடு கரையேறாத வார இறுதிகள்,
எல்லாவற்றையும்.
பின்னால் பெட்டி அசையவில்லை.

ஹார்லிங்கன் விளக்குகள் தெரிந்தன.
ஊருக்குள் திரும்பும் இடம் வந்தது.
சிக்னல் போடக் கையெடுத்தாள், போடவில்லை.
ரவுண்டானாவை முழுக்கச் சுற்றி
வந்த வழியே மறுபடி ஏறினாள்.
'பயம் போதாதென்று நினைக்கிறேன்' என்றாள்,
யாருடையது என்று சொல்லாமல்.