தினை

பனி அள்ளும் வண்டியின் உதறல்
வீடு வந்த பிறகும்
மெரிகேயின் கைகளில் ஓடிக்கொண்டிருக்கும்.
அந்தக் கைகளைக் கண்டால்தான்
பொத்தானுக்குக் குலை நடுங்கும்.

பொத்தான்: முப்பது கிராம் நீலம்.
கூண்டின் கடைசிக் கம்பியோடு ஒண்டும்.
இன்னொரு கம்பி இருந்தால்
அதற்கும் அப்பால் போகும்.

முதல் வாரம் முதுகு காட்டி உட்கார்ந்தாள்.
மின்கட்டண ரசீதை
எஸ்தோனிய மொழியின் பதினான்கு வேற்றுமைகளும் இழைய
மெல்ல வாசித்தாள்.
சிவப்புக் கையுறையைக் கண்ணில் படாமல்
வாசலுக்கு வெளியே மாட்டினாள்.
பிறகு கதவைத் திறந்து, வெறும் கை.
தோள் மரத்தது.
ஒன்றும் நடக்கவில்லை.
ஒன்றும் நடக்கவில்லை என்பது
ஒன்பது நாள் நடந்தது.

என் மொழியில் தினைப்புனத்துப் பெண்கள்
கவண் வீசிக் கிளி விரட்டுவார்கள்.
டார்ட்டு நகரத்து மூன்றாம் மாடியில் ஒருத்தி
தினைக்கதிரை நீட்டிக்கொண்டு
வா என்றுகூடச் சொல்லாமல் நிற்கிறாள்.

இன்று மாலை
ஒரு கால், கட்டைவிரல் மேல்.
மற்றது இன்னும் கம்பியில்.
ஒரு மணி, உமி உரியும் சத்தம்.

சட்டைப்பையில் அலைபேசி அதிர்கிறது:
ஊரெல்லாம் பனி, மேற்பார்வையாளர் ராய்வோ.
அதிரட்டும்.
மூக்கு வேறு அரிக்கிறது அவளுக்கு.