மூன்று இடது

வில்லாபுரம் திருப்பத்தில்
தண்ணி லாரி ஒழுகிய ஈரம்.
இருபதில்தான் வந்தேன், இருபதுகூட இருக்காது.
வண்டி இடப்பக்கம் படுத்தது,
சொல்லிவிட்டுப் படுப்பதுபோல் மெதுவாக.
டீக்கடையிலிருந்து ஓடிவந்தவர்கள்
"அடி பட்டுச்சாம்மா" என்றார்கள்.
நான் ஐஸ்பெட்டியைத் திறந்து எண்ணிக்கொண்டிருந்தேன்:
ஊதா மூடி ஐந்து, சிவப்பு நான்கு, சாம்பல் மூன்று.
பன்னிரண்டு குப்பியும் பத்திரம்.
என் ரத்தம் மட்டும் முழங்கையில் கொஞ்சம்.

உடைந்தது இடது இண்டிகேட்டர்,
கிளட்ச் பிடியின் நுனி, ஒரு கண்ணாடி.
பட்டனை அமுக்கினேன், கிளம்பியது.
அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

தெற்குவாசலில் வலதுபக்கம் ஒடித்ததும்
ஒரு செருமல்கூட இல்லாமல் நின்றுபோனது.
மீட்டர் இருட்டு. ஹாரன் ஊமை.
பின்னால் வந்த மினிபஸ்
என் பரம்பரையை விசாரித்தது.
ஹேண்டிலை நேராக்கினால்
விளக்கு, முள், எல்லாம் திரும்ப வந்தன,
எதுவுமே நடக்காத முகத்தோடு.

சிக்கந்தர் பேட்டரியைச் சந்தேகித்தான்.
அவன் மச்சான் ரிலேயைச் சந்தேகித்தான், நானூற்றைம்பது ரூபாய்க்கு.
ஷோரூம் வெள்ளைச் சட்டைக்காரர்
"மொத்த ஒயரிங்கும் மாத்திரலாம் மேடம்" என்றார்,
தலைவலி என்று வந்தவரிடம்
முழு உடம்புக்கும் பேக்கேஜ் விற்கும்
எங்கள் லேப் மேனேஜரின் குரலில்.

அந்த வாரம் முழுக்க இடதுபக்கம் மட்டும் திரும்பினேன்.
வலப்புறச் சந்தில் வீடு என்றால்
மூன்று இடது சேர்ந்து ஒரு வலது.
மேலமாசி, தெற்குமாசி, கீழமாசி, வடக்குமாசி:
தேர் போகும் சுற்றுக்கு நேர் எதிராய்
விடியல் ஐந்தரைக்குப் பெட்டியோடு சுற்றினேன்.
வெறும் வயிற்றோடு காத்திருந்த நகைப்பட்டறை முதலாளி
"பத்து நிமிசம் லேட்டு" என்றார்.
தாயே, இடமாய்ச் சுற்றியதை
எந்தக் கணக்கிலும் எழுதிவிடாதே.

ஞாயிறு. வாடகை வீட்டு மாடிப்படிக்குக் கீழே.
உடைந்த இண்டிகேட்டருக்குள் பல்ப் உயிரோடிருந்தது.
இரண்டு ஒயர் கட்டி அதையே சோதனை விளக்காக்கினேன்.
ஃபியூஸின் இருபுறமும் எரிந்தது.
சாவித்துளைக்குப் போகிற வழியிலும் எரிந்தது,
ஹேண்டில் ஒரு பக்கம் போகும்வரை.
ரிப்போர்ட் சீட்டின் பின்புறம் குறித்தேன்:
நேர், உண்டு. இடது, உண்டு.
வலது, இல்லை.
மறுபடி வலது, இல்லை.

ஹெட்லைட்டைக் கழற்றிக் கழுத்துக்குள் பார்த்தால்
பதினாறு ஒயர்கள். ஒன்றிலும் கீறல் இல்லை.
என் மணிக்கட்டு எக்ஸ்ரேயும் அப்படித்தான் சொன்னது.
ஆனாலும் குடத்தைச் சாய்க்கும்போது வலிக்கிறது.

பார்ப்பதை விட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன்.
கீமோ முடித்தவர்கள், உடம்பு பருத்தவர்கள்,
ஏழாம் மாதத்தில் வீங்கியவர்கள்:
குழாய் கண்ணுக்குத் தட்டுப்படாத கைகளில்
என் விரல் எப்படித் தேடுமோ அப்படித் தேடினேன்.
சிவப்பு ஒயர்.
ஓர் இடத்தில் மட்டும் எலும்பில்லாத மாதிரி கொழகொழ.
இருபுறமும் பிடித்து இழுத்தேன்,
ரப்பராய் நீண்டது.

தோல் முழுசு. உள்ளே செம்பு இரண்டு துண்டு,
நேராய் நிற்கும்போது தொட்டுக்கொண்டு,
ஒரு பக்கம் திரும்பினால் விலகிக்கொண்டு.
இப்படி இரண்டு பேரை எனக்குத் தெரியும்.
இப்போது அவர்கள் பேச்சு வேண்டாம்.

பேட்டரி முனையைக் கழற்றிவிட்டு
வெட்டினேன், தோலைச் சீவினேன்,
புது ஒயர் ஒரு விரற்கடை வைத்து முறுக்கினேன்.
கையில் இருந்தது மைக்ரோபோர்தான்.
ஊசி குத்திய இடத்தில் ஒட்டுகிற மாதிரி ஒட்டிவைத்து
கடை திறந்ததும் கறுப்பு டேப் வாங்கிச் சுற்றினேன்.

சாயங்காலம் விளக்குத்தூண் பக்கம்
வலது திரும்பினேன். அணையவில்லை.
போகவேண்டிய வீடு எதுவுமில்லை, பெட்டியும் காலி.
இன்னொரு வலது.
இன்னொன்று.
பின்னால் ஒரு மினிபஸ் ஹாரன் அடித்தது.
நானும் அடித்தேன்.