விதி ஆறு, உட்பிரிவு ஆ

பெல்லமி குடாவின் புல்தரை எல்லோருக்கும் சொந்தம்.
அதனால்தான் நகரசபை எனக்குச் சம்பளம் கொடுக்கிறது.

மரச்சட்டங்களில் இருபத்துநான்கு இடம்.
காத்திருப்போர் பட்டியலில் அறுபத்தொரு பெயர்.
இடம் கிடைக்காத படகுகள்
புல்லில் குப்புறக் கிடக்கின்றன
வெயில் காயும் கடல்நாய்களைப் போல.
தொட்டால் யாராவது கடிக்க வருவார்கள்.

ஏப்ரலில் ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டுவேன்:
இருபத்தெட்டு நாளுக்குள் அகற்றவும்.
மழை முதலில் தேதியை அழிக்கும்,
அப்புறம் என் கையெழுத்தை.
பசை மட்டும்
அடுத்த ஏப்ரலுக்கும் இருக்கும்.

மேட்டு வீட்டு ப்ரெண்டிஸ் வாரம் ஒரு கடிதம் போடுகிறார்,
படகுகள் கடலை மறைக்கின்றனவாம்.
ஏறிப் போய் அளந்தேன்.
மறைவது
அவர் குளியலறை ஜன்னலின் கீழ்மூலையில்
நாலு விரற்கடை கடல்.

ஒன்பதாம் இடம் ஐவோ மரினோவிச்சுக்கு.
நங்கூரத்தில் நின்ற பெரிய படகை
விற்று மூன்று வருடம் ஆகிறது.
இந்தச் சின்னதில் துடுப்புப் போட்டுப் போய்ச் சேர
அந்தப் பக்கம் அவருக்கு ஒன்றும் இல்லை.
ஆனாலும் ஜூலை முதல் தேதி
கதவு திறக்கும் முன்பே நிற்பார்,
கட்டணத்தைச் சில்லறையாக எண்ணிப் பிடித்துக்கொண்டு.
எங்கே போகிறீர்கள் என்று கேட்க
விண்ணப்பத்தில் கட்டம் இல்லை.
கட்டம் இல்லாததை நான் கேட்பதில்லை.

நாற்பதாம் பெயர், டெய்னா ஹோர்ஸ்ஃபால்.
அவளுக்குப் பெரிய படகு இருக்கிறது, அதில்தான் குடியிருக்கிறாள்.
கரைக்கு வரச் சின்னது இல்லை.
வேலைக்குப் போகும் துணியை
ரொட்டிப் பையில் முடிந்து தலையில் கட்டி
நீந்தி வருகிறாள்.
ஆகஸ்டிலும்.
என்னிடம் எதுவும் கேட்டதில்லை.
ஈரத் தலையோடு
ஒன்பதாம் இடத்தைத் தாண்டி நடப்பாள், அவ்வளவுதான்.
ராத்திரி எனக்குத் தூக்கம் வராமலிருக்க
அது போதும்.

மரத்தில் சங்கிலி கட்டக் கூடாது: விதி ஆறு.
வேரிலும் கூடாது: உட்பிரிவு ஆ.
செவ்வாய்க்கிழமை டாமட்டி
நீளக் கைப்பிடி வெட்டுக்கத்தரியோடு வந்தான்.
பொஹுடுகாவா மரத்தைச் சுற்றிப்
பதினொரு பூட்டு, பதினொரு சங்கிலி,
பல் பிடுங்குவது போல ஒவ்வொன்றாக.
பன்னிரண்டாவதற்குப் பூட்டே இல்லை.

படகு இருந்தது. பச்சை. ஒரு ஆள் அளவு.
பெயர் இருந்த இடத்தில் ஒரு எழுத்தின் வால்.
மூக்கு வளையத்திலிருந்து கிளம்பிய சங்கிலி
மரம் வரை போனது,
பிறகு மரத்துக்குள் போனது.
பட்டை அதன்மேல் உதட்டை மூடிக்கொண்டிருந்தது.
நானும் டாமட்டியும் மறுபக்கம் போய்ப் பார்த்தோம்,
வெளியே வரவில்லை.

எத்தனை வருடம் என்றேன்.
மரத்தைக் கேளுங்கள் என்றான்,
பட்டையை ஒட்டி வெட்டினான்.
துருத் தண்ணீர் ஒரு கோடாக இறங்கியது.

கைப்பற்றிய பொருள்கள் என்ற பத்தியில் எழுதினேன்:
படகு ஒன்று. சங்கிலி, ஒன்றரை மீட்டர்.
மீதிச் சங்கிலி
மரத்தின் வசம்.
மேலாளர் அதை அடித்துவிட்டு
'அளவு தெரியவில்லை' என்று திருத்தினார்.

பச்சைப் படகு கிடந்த இடத்தில்
புல் வெளிறி, படகு வடிவத்திலேயே இருக்கிறது.
ஒருவரும் அதை மிதிப்பதில்லை.
நாய்கள்கூடச் சுற்றித்தான் போகின்றன.

வெள்ளிக்கிழமை காலை
டெய்னாவின் தலை காய்ந்திருந்தது.

ஒன்பதாம் படகு தன் இடத்தில்தான் இருந்தது, பூட்டோடு.
அடியில் சொட்டிக்கொண்டிருந்தது.
பெற்ற இடத்தை, படகை
இன்னொருவர் உபயோகத்துக்கு விடக் கூடாது: விதி நான்கு.
ஐவோ கொஞ்சம் தள்ளிப் பெஞ்சில் உட்கார்ந்து
ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்,
என்னைப் பார்க்காமல்,
மிகவும் பார்க்காமல்.

நோட்டை எடுத்தேன்.
ஒன்பது: ஈரம். இரவு மழை.

ஆறு நாளாக மழை இல்லை.