இடப்பக்கம்

சனிக்கிழமைகளில் நான் இடப்பக்கம்.
கயிறு பிடிப்பது ரெஜினோல்ட்.
வலப்பக்கம் யார் வருகிறார்களோ அவர்கள்.
நடுவில் சீனி,
நுவரெலியாவில் ஓடிக் களைத்து
மரக்கறி லொறியில் முழங்காவில் வந்திறங்கிய
பதினெட்டு வயதுக் குதிரை.

மேலே அபிசாந்.
கால்கள் கத்தரிக்கோல் போலக் குறுக்கே பின்னும்.
தொடையைப் பிரித்துச் சேணத்தில் இருத்த
மூன்று பேர், நாலு நிமிடம், கொஞ்சம் அழுகை.

என் வேலை பெரிதல்ல:
அவன் தொடைமேல் முன்கையை வைத்தபடி
வேலியோரம் நடப்பது.
விழப்போனால் பிடி, இல்லையென்றால் விடு
என்று முதல்நாளே சொல்லிவிட்டார்கள்.
இரண்டாவதுதான் பெரும் பாடு.

இந்தக் காணியில் முன்பு
மண்டையோட்டுப் பலகை நின்றது.
இப்போது காலையில் வந்து
குளம்பில் குத்தும் கற்களைப் பொறுக்குகிறேன்.

மூன்றாம் சுற்று.
குதிரையின் முதுகு அவன் இடுப்பை
இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்ட ஆட்ட
விறகாயிருந்த தொடை சதையாகிறது.
என் கைக்குத்தான் அது முதலில் தெரியும்.

கையை எடுத்தேன்.
ஒரு முழம் தள்ளி நடந்தேன்.
சீனி அந்த நேரம் பார்த்து நின்று
வாலைத் தூக்கி லத்தி போட்டது.
முன்னே சாய்ந்தான்,
தானே நிமிர்ந்தான்,
மணந்து பார்த்துச் சிரித்தான் எச்சில் வழிய.

"இஞ்ச பாருங்கோ" என்று
தாயைக் கூப்பிட வாயெடுத்தேன்.
பாலைமரத்தின் கீழே
கைப்பையைத் தலைக்கு வைத்து
அவள் நித்திரை.
இலையான் மொய்ப்பதும் தெரியவில்லை.

அரை மணித்தியாலம் எப்போதோ முடிந்திருந்தது.
ரெஜினோல்ட் என்னைப் பார்த்தான்.
இன்னொரு சுற்றுப் போனோம்,
குளம்புச் சத்தம் கேட்காத
மணல் பக்கமாய்.