சாவி வளையங்கள்

லெ ட்ரெபோர் கடற்கரையில்
முப்பத்துநான்கு கோடையாய்
இந்தச் சுழல்தாங்கியைத்
துடைத்துத் துடைத்து வெளியே வைக்கிறேன்.
தகரத்தில் அச்சடித்த பெயர்கள்,
ஒன்று மூன்று யூரோ.
மழை பிடித்தால் உள்ளே இழுக்க வேண்டும்,
அப்போது எல்லாரும் சேர்ந்து கிணுகிணுப்பார்கள்.

தியெரி இப்போது விலைபோவதில்லை.
சில்வியைத் தேடி வருகிறவள்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
தனக்கேதான் வாங்குகிறாள்.
பிள்ளைகள் எல்லாம் மயேல், லியானா, நோவா;
வாயில் போட்டால் கரைந்துவிடும்,
ஒரு வல்லினம் பல்லில் படாது.

மார்ச்சில் கம்பெனிப் பட்டியல் வரும்:
யார் உள்ளே, யார் வெளியே.
இந்த வருடம் கெவின் வெளியே.
ஒரே மதியத்தில் பதினொரு கெவின்
விற்ற கை இது.
அந்த நாளில் மணலில் ஒரு தாய் கூப்பிட்டால்
ஆறு தலைகள் திரும்பும்.

நேற்று ஒருவன், பல் மருத்துவனாம்,
பக்கத்தில் நிறைமாத மனைவி.
தாங்கியை ஒரு சுற்று சுற்றினான்.
இன்னொரு சுற்று.
“இருந்ததே” என்றான்.
மேசைக்கடியில் பெட்டியில் ஏழு கிடந்தன.
ஏழையும் வாங்கிக்கொண்டான்.
“கிளினிக் பலகையில் வெறும் கே.தான்”
என்று அவள் சிரித்தாள்.
அவன் சில்லறை எண்ணினான்.

பிள்ளைக்கு என்ன பெயர், என்றேன்.
மார்செல்.

மார்செலா!
நான் வேலைக்குச் சேர்ந்த வருடமே
அதைப் பழைய இரும்புக்காரனுக்குக்
கிலோக் கணக்கில் போட்டோமே.

என் பெயர் மரிவோன்.
மரியோனுக்கும் மத்தில்துக்கும் நடுவே
ஒரு கொக்கி எந்தக் கோடையிலும் காலி.
கடைச் சாவியை
அதில்தான் மாட்டுவேன்.