நன்றி தெரிவிக்கப்பட்டது

பெயர்ப்பலகையில்
'பெற்றோர் பிரதிநிதி' என்று இருந்தது.
மற்ற பலகைகளில் பெயர் இருந்தது,
பெயருக்குப் பின்னால் பட்டமும்.
மடித்த அட்டைதான். மின்விசிறிக்கு
என்னுடையது குப்புற விழுந்துகொண்டே இருந்தது.
போண்டாத் தட்டை முட்டுக்கொடுத்து நிறுத்தினேன்.
முதல் கூட்டத்தில் நான் செய்தது அவ்வளவே.

என் பெயர் ஒச்சம்மாள். கருமாத்தூர்.
செங்கல் சூளையில் கணக்கு எழுதுகிறேன்.
மகள் தன்ஷிகாவுக்கு மூன்று முடியப்போகிறது.
சில பிள்ளைக்கு லேட்டாத்தான் பேச்சு வரும் என்று
சொல்லாத வீடு எங்கள் தெருவில் இல்லை.
மையத்தில் பெர்னதெத் மிஸ்
சோப்புக் குமிழி ஊதி, நிறுத்தி,
அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.
எட்டு மாதம்.
வந்த முதல் சொல் 'வேணாம்'.
'அம்மா'வுக்குக் காத்திருந்த எனக்குக்
கொஞ்சம் சுருக்கென்றது.
"பெரிய சொல்லுங்க அது" என்றார் மிஸ்,
"தேதி போட்டு வைங்க."
சூளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுவைத்தேன்,
லோடுக் கணக்குக்குக் கீழே.

இரண்டாம் கூட்டத்தில் பேசினேன்.
பயிற்சி ஒன்பதரைக்கு.
காசில்லாத பஸ் எங்கள் நிறுத்தத்துக்கு வருவதே ஒன்பதேகால்.
செக்கானூரணியில் நின்று, நாகமலையில் நின்று,
அரசரடி சிக்னலில் இன்னும் நின்று,
வேறு பஸ் மாறி, பிள்ளையை இடுப்பில் வைத்து
மாடிப்படி ஏறினால்
முக்கால் மணி நேரப் பயிற்சியில் மிஞ்சுவது
மிஸ்ஸின் வருத்தம் மட்டும்.
"முந்தின பஸ்ஸில் வரலாமே" என்றார் ஒருவர்.
கெட்டவர் இல்லை, பஸ்ஸில் வராதவர்.
"அது காசு பஸ் சார்."
பேனாக்கள் அசைந்தன. எழுதுகிறார்கள் என்றே நினைத்தேன்.

மூன்றாம் கூட்டத்தில் நடவடிக்கைக் குறிப்பு கைக்கு வந்தது.
பொருள் ஏழு:
பெற்றோர் தரப்பில் நன்றி தெரிவிக்கப்பட்டது.

இரண்டு தடவை படித்தேன்.
சொல்லியிருப்பேன்தான்.
பேசி முடித்து உட்காரும்போது
பழக்கதோஷத்தில் 'நன்றிங்க சார்' வந்திருக்கும்.
அது மட்டும் ஏறியிருந்தது.

கையெழுத்துப் புத்தகம் மேசையைச் சுற்றி
என்னிடம் வந்து நின்றது, மூடி கழற்றிய பேனாவோடு.
"வேணாம்."
என் குரல் மாதிரியே இல்லை.
கொஞ்சம் சத்தமாகவும் விழுந்துவிட்டது.
"எங்க சூளையில எழுதாத லோடு
போகாத லோடு சார்.
நான் கேட்டத எழுதுங்க, அப்புறம் போடுறேன்."

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.
தட்டச்சர்தான் குனிந்து
இரண்டு வரிக்கு நடுவில் நுணுக்கி எழுதினார்:
பேருந்து, நேரம், மாடிப்படி,
உச்சம்மாள், கருமாத்தூர்.
'உ'வை அடித்து 'ஒ' போட்டேன்.
பிறகு கையெழுத்தும்.

செவ்வாய்ப் பயிற்சி இப்போது பதினொன்றுக்கு.
வியாழனுக்குத் தனி உத்தரவு வரணுமாம்.
மாடிப்படி அங்கேயேதான் இருக்கிறது.
நேற்று வாடிப்பட்டியிலிருந்து ஒரு போன், வியாழக்கிழமைக்காரர்,
பையனுக்கு இன்னும் கழுத்து நிற்கவில்லை.
"நாங்க சொன்னா எழுதுவாங்களாக்கா?"

தன்ஷிகா ஒரு காலில் செருப்போடு நிற்கிறாள்.
மற்றதை நீட்டினால் வேணாம் என்கிறாள்.
போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
"பக்கத்துல உக்காந்து பாருங்க" என்றேன்,
"எழுதுற கையவே பாருங்க."