கிணற்றடி வேலி

எது கெதியாய் வளரும் என்றுதான் கேட்டேன்.
எது வடிவு, எது பூக்கும் என்று கேட்கவில்லை.
துணுக்காய் நாற்றுமேடையில் டொமினிக்
கைமண்ணைத் தட்டிவிட்டு
"எத்தினை அடி வேணும் அக்கா" என்றான்.
தலைக்கு மேல் கையை உயர்த்திக் காட்டினேன்.
றோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற
மண்மூட்டைக் காவலரண் நினைவு வர
இன்னும் இரண்டு சாண் கூட்டினேன்.

எங்கள் கிணறு வளவின் முன்பக்கம்.
வெட்டினவர்களுக்கு என்ன தெரியும்.
வேணுஜாவுக்குப் பன்னிரண்டு முடிகிறது.
இரண்டு சேலை, எழுத்தழிந்த ஒரு தறப்பாள்,
அதற்குள் குந்தியிருந்து குளிக்கிறாள்.
காற்றடித்தால் நான் ஓடிப்போய்
நுனியைப் பிடிக்கிறேன்.

பூவரசு நல்ல நிழல், நல்ல பலகை.
ஆனால் யோசித்து யோசித்து வளரும்.
முள்முருக்கு முந்தி நல்லது,
இப்போது இலை கொப்புளம் போட்டுச் சுருண்டு சாகிறது.
கிளுவை சாகாது, முள்ளும் உண்டு.
வெயில் ஏறினால் ஓரிலை இல்லாமல் நிற்கும்,
தண்ணீர் அடியில் கிடக்க
ஒரு வாளிக்கு நெடுநேரம் இழுக்கிற மாதங்களில்தான்.
கிடுகு கறையானுக்குச் சோறு.
இப்பிலிப்பில்?
"வேகம்தான். ஆனா கொட்டையைக் கொட்டிக்கொட்டி
காணியைப் பிடிச்சிடும்.
பிறகு போ எண்டாலும் போகாது."
சொல்லிவிட்டு டொமினிக் றோட்டைப் பார்த்தான்.
நானும் பார்த்தேன்.
இருவரும் சிரிக்கவில்லை.

கடைசியில் சீமைக்கிளுவை.
மணிக்கட்டு மொத்தத்தில் நூற்றிருபது கதியால்.
காலடிக்கு ஆடாதோடை:
மங்களேஸ்வரியின் ஆடுகளை நம்பி
வேறொன்றும் வைக்கமுடியாது.
ஐப்பசி முதல் மழைக்கு மறுநாள்
அலவாங்கால் குத்தி, தோல் உரியாமல் இறக்கி,
முழத்துக்கு ஒன்று.
காவலரணில் நின்றவன் பார்த்தபடி இருந்தான்.
மூன்றாம் நாள் மற்றப் பக்கம் திரும்பி நின்றான்.
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

கார்த்திகையில் கண் விட்டது.
தையில் என் இடுப்பு.
மாசி பிறக்க டொமினிக் சொன்னது நினைவு வந்தது:
தறிக்காமல் விட்டால் பூக்கும்,
பூத்தால் இலை முழுக்கக் கொட்டும்.
மறைப்பு வேண்டுமென்றால் உயரத்தைக் கொடு.
கத்தியோடு போய் ஒரு முழம் வெட்டினேன்,
வெட்டிவிட்டு ஒவ்வொரு தடிக்கும்
ஒரு சிரட்டை சவர்க்காரத் தண்ணீர் ஊற்றினேன்.
வைகாசியில் அவள் பெரியபிள்ளையானபோது
வேலி அவள் காதளவு.
தறப்பாளைக் கழற்றினோம்.
சேலைகளைக் கழற்றவில்லை.

அடுத்த மாரிக்கு ஆள் தெரியாது,
தலை தெரியாது, வாளி முட்டும் சத்தம் மட்டும்.
அந்தத் தையிலேதான்
மூட்டைகளை லொறியில் ஏற்றினார்கள்.
யாரும் வந்து சொல்லவில்லை.
புல் முளைக்காத ஒரு சதுரம் அங்கே மிச்சம்.

"அம்மா, பஸ் வாறது தெரியேல்லை" என்கிறாள் மகள்,
வேலிக்கு மேலால் எட்டி,
சப்பாத்து நுனியில் நின்று.
"நெஞ்சளவுக்கு வெட்டுங்கோ."
படலையிலிருந்து பத்தாவது கதியால்வரை வெட்டினேன்.
கிணற்றடியில் கைவைக்கவில்லை.

குழை ஆடுகளுக்கு. தடிகளையும் கேட்டாள் மங்களேஸ்வரி.
அவளுக்கு மூன்று பெண்பிள்ளைகள்.
"அவங்கள்தான் போட்டாங்களே" என்றேன்.
"ஓம், போட்டாங்கள்" என்றபடி
ஒவ்வொன்றாக எண்ணிக் கட்டினாள்.
குறைந்ததற்கு இன்னும் ஆறு தடி கேட்டாள்.